மூழ்கிய கப்பலின் விலையும் மதிப்பும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய கப்பல் ஒன்று கடலடியில் கிடைத்தது என்று செய்தி வந்தால், அதன் தலைப்பிலேயே ஒரு தொகை இருக்கும். 1708இல் கொலம்பியாவின் கார்த்தஹேனாவுக்கு அருகே மூழ்கிய 'சான் ஹோசே' என்ற ஸ்பானியக் கப்பல் 2015இல் கண்டறியப்பட்டது. அப்போது அதிலிருந்து ஒரு காசுகூட மேலே வரவில்லை. ஆனால் அதன் மதிப்பு 1,700 கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதிவிட்டன. அந்தக் கப்பலோடு ஏறக்குறைய 600 பேர் மாண்டார்கள். அந்த எண்ணைத் தேடிப் படித்தால்தான் கண்ணில் படும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இந்தத் தொகையைப் பற்றித்தான். இதை யார் கணக்கிடுகிறார்கள்? எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள்? கணக்கில் வராமல் விடுபடுவது எது? புதையல் வேட்டையை ஒழுக்கக்கேடு என்று கண்டிப்பது எளிது. பலர் அதைச் செய்திருக்கிறார்கள். என் வாதம் கொஞ்சம் வேறு. அந்தத் தொழிலின் கணக்கே பிழையானது என்கிறேன். மூழ்கிய கப்பலிலிருந்து வரும் பொருளுக்குச் சந்தையில் கூடுதல் விலை கிடைப்பது அதைச் சூழ்ந்த செய்தியால். அந்தச் செய்தியை அழித்துத்தான் பொருளை எடுக்கிறார்கள். தான் விற்பது எதுவோ அதையே அழித்துவிட்டு விற்கும் வியாபாரம் இது.

பெருக்கல் கணக்கு

2007 மே மாதம் ஒடிஸி மரைன் எக்ஸ்ப்ளோரேஷன் என்ற அமெரிக்க நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அட்லாண்டிக் பெருங்கடலின் ஆழத்திலிருந்து 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வெள்ளி நாணயங்களை எடுத்திருக்கிறோம், எடை 17 டன், எல்லாம் ஜிப்ரால்டரிலிருந்து விமானத்தில் புளோரிடாவுக்கு வந்து சேர்ந்துவிட்டன என்றது அறிவிப்பு. எந்தக் கப்பல், எந்த இடம் என்று மட்டும் சொல்லவில்லை. 'பிளாக் ஸ்வான்' என்ற சங்கேதப் பெயர்தான் வெளியே வந்தது. நாணய வணிகர் ஒருவர் காசு ஒன்றுக்குச் சராசரி 1,000 டாலர் என்று மதிப்பிட்டார். ஐந்து லட்சத்தை ஆயிரத்தால் பெருக்கினால் 50 கோடி டாலர். மறுநாள் உலகப் பத்திரிகைகளில் வந்தது இந்தப் பெருக்கல் தொகைதான்.

நாணயம் சேகரிப்பவர்களுக்கு இந்தக் கணக்கின் ஓட்டை உடனே தெரியும். அரிய காசு விலைபோவது அது அரிதாக இருக்கும்வரைதான். சந்தையில் நூறு காசு இருக்கும்போது கிடைக்கிற விலை, அதே வகைக் காசு லட்சக்கணக்கில் வந்து கொட்டும்போது கிடைக்காது. ஆனால் அறிவிக்கும் தொகை விற்பனைக்கு முந்தைய தொகை. அது முதலீட்டாளரை ஈர்க்க வேண்டும், பங்கு விலையை ஏற்ற வேண்டும். அதற்குப் பெருக்கல் போதும்.

பெயரை மறைத்ததற்கும் காரணம் உண்டு. ஒரு நாட்டின் போர்க்கப்பல் எங்கே மூழ்கினாலும், அந்த நாடு வெளிப்படையாகக் கைவிடாதவரை, அது அந்த நாட்டுக்கே உரியது என்பது கடல் சட்டத்தின் நெடுநாள் மரபு. ஸ்பெயின் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அந்தக் கப்பல் 'நுவெஸ்த்ரா செனோரா தெ லாஸ் மெர்செதெஸ்' என்று நிறுவப்பட்டது. 1804 அக்டோபர் 5 அன்று, ஸ்பெயினுக்கும் பிரிட்டனுக்கும் இடையே போர் அறிவிக்கப்படாத நேரத்தில், போர்ச்சுகலின் தென்கரைக்கு அப்பால் பிரிட்டிஷ் கப்பல்கள் வழிமறித்தபோது அது வெடித்துச் சிதறியது. அதில் இருந்தவர்களில் தியேகோ தெ அல்வெயார் என்ற கடற்படை அதிகாரியின் மனைவியும் ஏழு பிள்ளைகளும் அடக்கம். அவரும் மூத்த மகன் கார்லோஸும் கூடவே வந்த வேறொரு கப்பலில் இருந்ததால் பிழைத்தார்கள். அந்தக் கார்லோஸ் பிற்காலத்தில் அர்ஜென்டினாவின் விடுதலைப் போராட்டத்தில் முன்னணித் தலைவர்களில் ஒருவரானார். அந்தத் தாக்குதலே ஸ்பெயினைப் பிரிட்டனுக்கு எதிரான போருக்குள் தள்ளியது.

2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஸ்பெயினுக்கே தீர்ப்பளித்தது. 2012 பிப்ரவரியில் ஸ்பானிய விமானப்படையின் இரண்டு ஹெர்குலிஸ் விமானங்கள் புளோரிடாவுக்கு வந்து ஏறக்குறைய 6 லட்சம் நாணயங்களையும் ஏற்றிக்கொண்டு போயின. இந்த வெள்ளி எங்கள் மண்ணில் வெட்டியது, லிமாவில் அச்சடித்தது என்று பெருவும் கடைசி நேரத்தில் உரிமை கோரியது, பலிக்கவில்லை. நிறுவனத்துக்கு ஒரு காசும் மிஞ்சவில்லை. மேலும் ஸ்பெயினின் வழக்குச் செலவுக்காக 10 லட்சம் டாலர் கட்டச் சொன்னது நீதிமன்றம். 50 கோடி என்று தொடங்கிய கணக்கு இப்படிக் கழித்தலில் முடிந்தது.

காகிதம் காட்டிய வெள்ளி

எல்லாக் கதையும் இப்படித் தோல்வியில் முடிவதில்லை. புதையல் வேட்டைக்காரர்கள் இன்றும் கொண்டாடும் வெற்றி 'நுவெஸ்த்ரா செனோரா தெ அதோச்சா'. 1622 செப்டம்பரில் புளோரிடாவின் தென்முனைத் தீவுகளுக்கு அருகே புயலில் மூழ்கிய கப்பல் அது. அதிலிருந்த 265 பேரில் பிழைத்தவர்கள் ஐந்து பேர். மெல் ஃபிஷர் என்பவர் 1969 முதல் அதைத் தேடினார். 1975 ஜூலை 20 அன்று தேடுதல் படகு கவிழ்ந்து அவருடைய மகன் டர்க்கும் மருமகளும் இறந்தார்கள். அவர் தேடலை விடவில்லை. சரியாகப் பத்தாண்டு கழித்து, 1985 ஜூலை 20 அன்று, வெள்ளிக்கட்டிகளின் குவியலை அவர் ஆட்கள் கண்டார்கள். 40 கோடி டாலர் என்று பேசப்பட்டது.

இந்த விடாமுயற்சியைத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். அதோச்சாவைக் கண்டுபிடித்ததில் ஒரு வரலாற்று மாணவருக்கு இருந்த பங்கைச் சிலரே எழுதுகிறார்கள். ஃபிஷர் முதலில் தேடியது மாத்தகும்பே என்ற தீவின் பக்கம், தவறான இடம். யூஜீன் லையன் என்ற ஆய்வாளர் ஸ்பெயினின் செவில் நகரத்து 'இண்டீஸ்' (அதாவது ஸ்பானிய அமெரிக்கப் பகுதிகள்) ஆவணக் காப்பகத்தில், புழு அரித்த பழைய மீட்புக் கணக்குகளைப் படித்தபோது, விபத்து நடந்த இடம் 'மார்க்கேஸ் தீவுகள்' என்று குறித்திருப்பதைக் கண்டார். தேடல் மேற்கே வெகுதூரம் இடம் மாறியது. 1973இல் கிடைத்த மூன்று வெள்ளிக்கட்டிகளில் பொறித்திருந்த எண்களைக் கப்பலின் சரக்குப் பட்டியலோடு ஒப்பிட்டு, இது அதோச்சாவின் வெள்ளிதான் என்று உறுதிசெய்ததும் அந்தக் காப்பகத்துக் காகிதம்தான். 17ஆம் நூற்றாண்டில் ஒரு எழுத்தர் கட்டி கட்டியாக எண்ணைக் குறித்து வைத்திருக்காவிட்டால் அவை வெறும் வெள்ளி. எடைக்கு எடை விற்றிருப்பார்கள்.

அந்த எழுத்தர் அளவுக்குக் கவனம் கடலடியில் வேலை செய்தவர்களிடம் இருந்ததா? படகின் உந்துவிசிறிகளுக்குப் பின்னால் பெரிய வளைகுழாய்களைப் பொருத்தி, விசிறி தள்ளும் நீரைக் கீழே திருப்பி, மணலைக் குழியாகப் பறிக்கும் முறையை இவர்கள் கையாண்டார்கள். அஞ்சல் பெட்டியின் தோற்றம் இருந்ததால் அதற்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். மணலை அகற்ற அது அருமையான கருவி. மணலோடு மணலாகக் கிடந்த மரத்துண்டு, விதை, கயிறு, எலும்பு எல்லாம் எங்கே கிடந்தன என்ற தகவலையும் அது சேர்த்தே அகற்றிவிடும். பின்னால் நீதிமன்றங்கள் தொல்லியல் பதிவுகளைக் கேட்கத் தொடங்கியதும் ஃபிஷரும் ஒரு தொல்லியலாளரை வேலைக்கு வைத்தார். நாம் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் கொள்ளுங்கள்: நிபந்தனை விதித்தால் நடத்தை மாறும்.

பெயர் மாறிய சரக்கு

1752 ஜனவரியில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'கெல்டர்மால்சன்' தென்சீனக் கடலில் பாறையில் மோதி மூழ்கியது. கான்டனிலிருந்து நெதர்லாந்துக்குப் புறப்பட்ட கப்பல். 112 பேரில் 32 பேர் இரண்டு படகுகளில் பத்தாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா, போய்ச் சேர்ந்தார்கள். 1985இல் மைக்கேல் ஹாட்சர் என்ற புதையல் வேட்டைக்காரர் அதன் சரக்கை மேலே கொண்டுவந்தார். ஒன்றரை லட்சம் பீங்கான் கலங்கள். கூடவே 125 தங்கக்கட்டிகள். 1986இல் ஆம்ஸ்டர்டாமில் கிறிஸ்டீஸ் நிறுவனம் ஏலம் விட்டது. சுமார் ஒரு கோடி பவுண்டு வந்தது.

அந்த ஏலத்தில் கப்பலின் பெயர் முன்னுக்கு வரவில்லை. 'நான்கிங் சரக்கு' என்று விளம்பரம் செய்தார்கள். மெர்செதெஸுக்குப் பெயரை மறைத்தார்கள். கெல்டர்மால்சனுக்கு விற்பனைக்கு ஏற்ற பெயர் சூட்டினார்கள். இரண்டிலும் கப்பல் என்ற முழு உரு மறைந்து, சரக்கு மட்டும் நின்றது.

சரக்கிலும் பாதிக் கதைதான். அந்தக் கப்பல் ஏற்றிச் சென்றதில் மதிப்பு மிக்கது தேயிலை. ஏறக்குறைய ஏழு லட்சம் பவுண்டு எடை. பீங்கான் அதோடு ஒப்பிட்டால் சிறு பங்கு. கடல்நீரில் தேயிலை கூழாகிக் கலங்களின் மேல் படிந்து, அவை 233 ஆண்டு உடையாமல் இருக்க உதவியது. 18ஆம் நூற்றாண்டின் கம்பெனிக் கணக்கில் முதலிடம் பெற்ற தேயிலை 20ஆம் நூற்றாண்டு ஏலத்தில் ஒன்றுமில்லை. பீங்கான் சிரமமில்லாமல் முதலிடத்துக்கு வந்துவிட்டது. ஏலப் பட்டியலை மட்டும் வைத்து அந்தக் காலத்துக் கீழ்த்திசை வணிகத்தைப் புரிந்துகொள்ள முயன்றால், ஐரோப்பியர்கள் தட்டும் கோப்பையும் வாங்கவே சீனாவுக்கு வந்தார்கள் என்றுதான் முடிவுக்கு வர வேண்டியிருக்கும்.

இதற்கு இன்னொரு பின்விளைவும் உண்டு. தன் நாட்டில் செய்த பொருள்களில் சிலவற்றையாவது வாங்க 30,000 டாலரோடு இரண்டு வல்லுநர்களைச் சீனா ஏலத்துக்கு அனுப்பியது. விலை ஏறிய வேகத்தில் அவர்களால் ஒரு கலத்தைக்கூட வாங்க முடியவில்லை. அந்த அவமானத்திலிருந்துதான் சீனாவின் கடலடித் தொல்லியல் பிறந்தது என்று சொல்லலாம். 1987இல் அதற்கென ஓர் ஆய்வு மையம். 1989இல் நீருக்கடியில் உள்ள தொல்பொருள்களைக் காக்கும் விதிமுறைகள்.

மூட்டையோடு மூழ்கிய ரூபாய்

இப்போது நமக்கு அருகே வருவோம். இலங்கையின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் மகா இராவணா பாறைத்தொடர் இருக்கிறது. ஆங்கிலேயர் கிரேட் பாசஸ் என்பார்கள். 1961இல் மைக் வில்சன் என்பவரும் இரண்டு சிறுவர்களும் அங்கே முக்குளித்தபோது வெள்ளி நாணயங்களைக் கண்டார்கள். வில்சனின் நண்பர் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். இருவரும் 1963இல் பீட்டர் த்ராக்மார்ட்டன் என்ற கடலடித் தொல்லியலாளரை அழைத்துக்கொண்டு மறுபடி போனார்கள். கிளார்க் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

கிடைத்தவை ஔரங்கசீப் காலத்து ரூபாய்கள். சூரத் அக்கசாலையில் அடித்தவை. ஹிஜ்ரி ஆண்டு 1113, அதாவது கி.பி. 1702. பலவும் தனித்தனிக் காசாகக் கிடைக்கவில்லை. சுமார் ஆயிரம் ரூபாய் ஒன்றோடொன்று இறுகி, மூட்டையின் வடிவிலேயே பாளமாகக் கிடந்தன. மூட்டைத் துணி அழிந்து மூன்று நூற்றாண்டு ஆகப்போகிறது. அதன் உருவத்தை வெள்ளி காப்பாற்றி வைத்திருந்தது.

இந்தப் பாளத்தை உடைத்து, அமிலத்தில் கழுவி, பளபளக்கும் ஆயிரம் காசாக விற்கலாம். நல்ல பணமும் வரும். அப்படியே வைத்திருந்தால் என்ன தெரியும்? ஒரே அக்கசாலை, ஒரே ஆண்டு, எண்ணிக் கட்டிய மூட்டை. அப்படியானால் இது பயணிகளின் மடிக்காசு இல்லை. பல கை மாறிய சில்லறையும் இல்லை. அக்கசாலையிலிருந்து நேரே கட்டி ஏற்றிய வணிக முதல். ஆயிரம் என்ற எண்ணிக்கை அக்கால வணிகர்கள் பணத்தை எப்படி மூட்டை கட்டினார்கள் என்பதைச் சொல்கிறது. கிழக்கு நோக்கிப் போகும் கப்பலில் அவ்வளவு வெள்ளி இருந்தது என்பது சரக்கு வாங்கப் பணமாகவே எடுத்துச் சென்றார்கள் என்பதைக் காட்டுகிறது. இத்தனையும் ஒரு பாளத்தில் இருக்கின்றன. உடைத்துப் பிரித்த ஆயிரம் காசில் இதில் ஒன்றுகூட இருக்காது. நம் ஊர்க் கல்யாணத்து மொய்ப்பணமும் மொய் நோட்டும் போலத்தான். பணம் அன்றே செலவாகிவிடும். யார் எந்த ஊரிலிருந்து வந்து எவ்வளவு வைத்தார், யாருக்கு யார் உறவு என்பதெல்லாம் நோட்டில் இருக்கிறது. பணத்தை எடுத்துக்கொண்டு நோட்டைக் கிழித்துப் போடுகிற குடும்பம் எதுவும் கிடையாது.

இப்போது நான் தொடக்கத்தில் சொன்ன வாதத்தை முழுமையாக வைக்கலாம். தரையில் கிடைத்த ஸ்பானிய வெள்ளிக் காசும் மூழ்கிய கப்பலில் கிடைத்த அதே வகைக் காசும் சந்தைக்கு வந்தால், பின்னதற்கு விலை கூடும். உலோகம் ஒன்று, அச்சு ஒன்று. கடல் அரித்ததால் பின்னதன் முகம் தேய்ந்தும் இருக்கும். ஆனாலும் 'இன்ன கப்பலில் கிடைத்தது' என்று ஒரு சான்றிதழ் கூட வருகிறது. வாங்குபவர் அந்தச் சான்றிதழுக்குத்தான் கூடுதல் பணம் தருகிறார். அந்தச் சான்றிதழின் உள்ளடக்கமோ காப்பகத்திலிருந்தும், கடலடியில் எது எதன் பக்கத்தில் கிடந்தது என்ற பதிவிலிருந்தும் வருவது. அவசரத்தில் அள்ளி எடுத்தால் அந்தப் பதிவு இல்லை. வேட்டைக்காரரின் லாபம், அவர் அழிக்கிற தகவலின் எச்சத்திலிருந்து வருகிறது.

விலைபோகாதவை

கடலடியில் கிடைத்தவற்றுள் அறிவுலகத்தை அதிகம் உலுக்கியவை, எடுத்த நாளில் யாரும் விலை கேட்டிருக்க முடியாத பொருள்கள். கிரேக்கத்தின் அன்டிகித்தேரா தீவருகே 1900-01இல் கடற்பஞ்சு எடுக்கும் முக்குளிப்போர் வெண்கல, பளிங்குச் சிலைகளைக் கண்டார்கள். அவற்றோடு பச்சை படிந்த ஒரு வெண்கலக் கட்டியும் வந்தது. 1902இல்தான் அதற்குள் பற்சக்கரம் இருப்பதை வலேரியோஸ் ஸ்தாயிஸ் என்ற தொல்லியலாளர் கவனித்தார். கிரகணங்களை முன்கூட்டிக் கணிக்கும் கருவி அது என்பது தெளிவாக இன்னும் பல பத்தாண்டு ஆயிற்று.

துருக்கியின் உலுபுருன் முனையில் 1982இல் ஒரு கடற்பஞ்சு முக்குளிப்பவர், காது வைத்த உலோக ரொட்டிகளைக் கடலடியில் பார்த்தேன் என்றார். அவை கி.மு. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக் கப்பல் ஒன்றின் செம்புக் கட்டிகள். ஜார்ஜ் பாஸ், ஜெமால் புலாக் என்ற கடலடித் தொல்லியலாளர்கள் 1984 முதல் 1994 வரை 22,000 முறைக்கு மேல் குழுவினரை 40 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் இறக்கி, அங்குலம் அங்குலமாக அளந்து எடுத்தார்கள். எகிப்திய அரசி நெஃபெர்தித்தியின் பெயர் பொறித்த தங்க முத்திரையும் அதில் இருந்தது. ஆனால் அந்தக் கப்பலின் பெரிய செய்தி பத்து டன் செம்பும் ஒரு டன் வெள்ளீயமும். வெண்கலம் வார்க்கத் தேவையான பத்துக்கு ஒன்று என்ற விகிதம் அப்படியே கப்பலில் ஏற்றியிருந்தது. இரண்டையும் தனித்தனியே எடுத்து விற்றிருந்தால் பழைய உலோக வியாபாரம். ஒன்றாக எடைபோட்டதால் வெண்கலக் காலப் பொருளாதாரத்துக்கு நேரடிச் சாட்சி.

மூன்றாவது எடுத்துக்காட்டு இந்தியாவிலிருந்து புறப்பட்டது. கல்கத்தாவில் வெள்ளியும் இரும்பும் தேயிலையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய 'கெர்சொப்பா' என்ற கப்பல் 1941 பிப்ரவரியில் அயர்லாந்துக்குத் தென்மேற்கே ஜெர்மானிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கியது. மாலுமிகளில் பெரும்பாலோர் லஸ்கர்கள் எனப்பட்ட இந்தியக் கப்பல் தொழிலாளர்கள். பிழைத்தது ஒரே ஒரு ஆங்கிலேய அதிகாரி. 2012, 2013 ஆண்டுகளில் 4,700 மீட்டர் ஆழத்திலிருந்து 2,792 வெள்ளிக்கட்டிகள் மேலே வந்தன. ஏறக்குறைய 110 டன். எடுத்தது அதே ஒடிஸி நிறுவனம். இம்முறை பிரிட்டிஷ் அரசோடு முறையாக ஒப்பந்தம்: செலவு போக நிகர மதிப்பில் 80 விழுக்காடு நிறுவனத்துக்கு. வெள்ளியின் ஒரு பகுதியில் பிரிட்டிஷ் அக்கசாலை கப்பலின் பெயரோடு நினைவு நாணயம் அடித்து விற்றது. உருக்கிய பிறகும் கதைக்குத்தான் விலை!

அந்தக் கப்பலில் வெள்ளியோடு அஞ்சல் பைகளும் இருந்தன. கப்பலுக்குள் ஒளியும் உயிர்வளியும் எட்டாத இடத்தில் 700க்கும் மேற்பட்ட கடிதங்கள் பிழைத்திருந்தன. இந்தியாவில் இருந்த படைவீரர்களும் பாதிரிமார்களும் வணிக நிறுவனங்களும் 1940 கடைசியில் ஊருக்கு எழுதியவை. லண்டன் அஞ்சல் அருங்காட்சியகம் 2018இல் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. வெள்ளியை எடுக்கும் வழியில் கிடைத்தவை அவை. சந்தை விலை எதுவும் அவற்றுக்கு இல்லை. ஆனால் போர்க்காலத்து இந்தியாவின் அன்றாடம் அவற்றில் இருக்கிறது. லஸ்கர்களின் கடிதம் ஏதும் அந்தப் பையில் இருந்ததாகப் பேசப்படவில்லை. எழுத்தில்லாத அவர்கள் வாழ்க்கையைக் கப்பலின் உடைந்த உடலிலிருந்துதான் படிக்க வேண்டும் என்பதாலேயே கப்பலின் உடலும் ஆவணம்.

வேட்டைக்காரர் பக்கத்து நியாயம்

எதிர்த் தரப்புக்கும் செவிகொடுக்க வேண்டும். இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே 1998இல் மீனவர்கள் கண்ட கப்பல், 9ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து மேற்கே போன அரபு வகைக் கப்பல். நம் சோழமண்டலக் கரையின் மசூலாப் படகைப் போல ஆணி இல்லாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டியது. சுமார் 60,000 பொருள்கள். பெரும்பாலும் சீனாவின் சாங்ஷா வகைக் கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் கி.பி. 826க்கு இணையான நாள் பொறித்திருக்கிறது. அரசு அனுமதியோடு ஒரு தனியார் மீட்பு நிறுவனம் அதை எடுத்தது. அது இந்தோனேசியா அரசியல் கொந்தளிப்பில் இருந்த ஆண்டு. கப்பலை அங்கேயே விட்டிருந்தால் கொள்ளை போயிருக்கும் என்பது அவர்கள் வாதம். நியாயமில்லாத வாதம் என்று நான் சொல்ல மாட்டேன். தொகுதியைச் சிதறவிடாமல் 2005இல் சிங்கப்பூர் சுமார் 3.2 கோடி டாலருக்கு வாங்கியது. இன்று அங்குள்ள ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம். ஆனால் மீட்ட முறை வணிக முறை என்பதால் தொல்லியலாளர்கள் எதிர்த்தார்கள்; வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் 2011இல் தன் கண்காட்சியைக் கைவிட்டது.

பெலிதுங் எனக்குச் சொல்வது இதுதான்: ஒரு தொகுதி ஒன்றாக இருந்தால் பாதியாவது பிழைக்கிறது. ஏலத்தில் ஆயிரம் வீட்டு அலமாரிக்குப் பிரிந்துவிட்டால் எதுவும் பிழைப்பதில்லை. வேட்டைக்காரரின் துணிச்சலும் தொழில்நுட்பமும் உண்மை. அரசுகளிடம் பணமும் அக்கறையும் குறைவு என்பதும் உண்மை. அந்தக் குறை வேட்டையை நியாயப்படுத்தாது. அரசின் கடமையைத்தான் சுட்டுகிறது.

இன்னொன்று. பணக்கணக்கே பேசுவோம் என்றாலும் முழுக் கப்பல்தான் ஜெயிக்கிறது. 1628இல் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் கவிழ்ந்த 'வாசா' 1961இல் மேலே வந்தது. அதில் புதையல் ஏதும் இல்லை, ஈரமரம்தான். 17 ஆண்டு பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலைத் தெளித்து அந்த மரத்தைக் காத்தார்கள். இன்று ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கட்டணம் கட்டிப் பார்க்கிறார்கள். ஏலம் ஒருநாள் வருமானம்.

சட்டமும் நம் கரையும்

நூறாண்டுக்கு மேல் நீருக்கடியில் கிடந்த மனிதத் தடயங்களை வணிகத்துக்கு எடுக்கக் கூடாது, முடிந்தவரை இருந்த இடத்திலேயே காப்பதை முதலில் எண்ண வேண்டும் என்று யுனெஸ்கோ 2001இல் ஓர் உடன்படிக்கையை ஏற்றது. 2009இல் அது நடைமுறைக்கு வந்தது. இருந்த இடத்தில் விடுவது சோம்பேறித்தனம் இல்லை. கடல்நீரிலிருந்து வெளியே எடுத்த இரும்பும் மரமும் உப்பு நீக்கிப் பதப்படுத்தாவிட்டால் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். எடுக்கத் தெரிந்தால் போதாது. காக்கக் கூடம் வேண்டும். காலித் துறைமுகத்தில் 1659இல் மூழ்கிய டச்சுக் கப்பல் 'ஆவொன்ட்ஸ்டரை' இலங்கை வல்லுநர்கள் முறையாக அகழ்ந்தார்கள். 2004 டிசம்பர் சுனாமி கரையோரத்தில் இருந்த அவர்கள் ஆய்வுக்கூடத்தையே சிதைத்தது.

அதே இலங்கையில் அம்பாந்தோட்டைக்கு அருகே கொடவாயவில் உள்ளூர் முக்குளிப்போர் காட்டிய இடத்தில், இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான கப்பல் ஒன்று கிடக்கிறது. கண்ணாடிக் கட்டிகளும் அரைகற்களும் ஏற்றிய கப்பல். இந்தியப் பெருங்கடலில் இதுவரை அறிந்தவற்றுள் மிகப் பழையது. அதில் தங்கமில்லை, மணி செய்பவருக்கும் அடுக்களைக்கும் போன சாதாரணச் சரக்கு. நம் பூம்புகாருக்கு அப்பால் சுமார் 20 மீட்டர் ஆழத்தில் கோவா தேசியக் கடலாய்வு நிறுவனம் ஆராய்ந்த கப்பலிலும் அப்படித்தான்: ஈயக்கட்டிகள். அவற்றில் 'டபிள்யூ. பிளாக்கெட்' என்ற முத்திரையும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் இருந்தன. பிளாக்கெட் குடும்பம் வட இங்கிலாந்தில் ஈயச் சுரங்கங்களை வைத்திருந்தது. பழைய இரும்புக் கடையில் போட்டால் கிலோ கணக்கில் சில நூறு ரூபாய்தான் தேறும். அந்த முத்திரை, வட இங்கிலாந்துச் சுரங்கத்தையும் 18ஆம் நூற்றாண்டுக் காவிரிக் கழிமுகத்தையும் ஒரே வணிகக் கோட்டில் சேர்த்துவிடுகிறது.

நம் நாட்டில் இதைக் காக்கச் சட்டங்கள் இல்லாமல் இல்லை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது. 2001இல் இந்தியத் தொல்லியல் துறையில் கடலடிப் பிரிவும் வந்தது. ஆனால் கண்டெடுப்பவரைப் பற்றிப் பேசும் சட்டம் இன்னும் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்தான். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியரிடம் சொல்ல வேண்டும். அரசு அதை எடுத்துக்கொள்ள விரும்பினால், அந்தப் பொருள் எதனால் ஆனதோ அந்த மூலப்பொருளின் மதிப்பையும், கூடவே அதில் ஐந்தில் ஒரு பங்கையும் தர வேண்டும். கவனியுங்கள்: பொருளின் வரலாற்றுக்கு அந்தச் சட்டம் வைத்த விலை மூலப்பொருளின் மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கு. தங்கம் என்றால் அதுவாவது தேறும். ஈயம், மரம், கண்ணாடி என்றால் ஒன்றுமே இல்லை. மண்ணில் புதைந்தவற்றை மனத்தில் கொண்டு எழுதிய சட்டம் என்பதால் கடலுக்கு அது பொருந்துவதிலும் சிக்கல்.

நம் கடலடியை யார் நன்றாக அறிவார்கள்? எந்தப் பாரில் வலை சிக்கும், எங்கே சங்கு குளிக்கும்போது காலில் மரம் தட்டும் என்று அறிந்தவர்கள் மன்னார் வளைகுடாவிலிருந்து நாகை வரையுள்ள மீனவர்களும் சங்கு குளிப்போரும்தான். உலுபுருனைக் காட்டியவரும் கொடவாயவைக் காட்டியவர்களும் அப்படிப்பட்டவர்களே. அவர்கள் கண்டதைச் சொல்லத் தயங்குவதற்கு நியாயம் இருக்கிறது. சொன்னால் விசாரணை, அலைச்சல். தொழில் செய்யும் இடத்துக்குத் தடை வரலாம். சொல்லாவிட்டால் பழைய உலோகக் கடைக்காரர் கையில் காசு தருவார்.

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று. முதலாவது, கண்டவர் பொருளை எடுக்காமல் இடத்தை மட்டும் சொன்னால் அதற்கென ஒரு வெகுமதி; அந்த வெகுமதி உலோகத்தைப் பார்க்காமல் தகவலைப் பார்த்துத் தர வேண்டும். ஈயத்தைக் காட்டியவருக்கும் தங்கத்தைக் காட்டியவருக்கும் வேறுபாடு இருக்கக் கூடாது. இரண்டாவது, கடற்கரை மாவட்டம் ஒவ்வொன்றிலும் மீனவர் சொல்லும் இடங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு. அதைச் சொன்னவர் பெயரோடு. மூன்றாவது, ஒரு கப்பலைத் தொடுவதற்கு முன்பே பாதுகாப்புக் கூடம். அது இல்லாத வரையில் தொட வேண்டாம். கடலே நல்ல காப்பகம்.

1878இல் எழுதிய அந்த ஐந்தில் ஒரு பங்கைத் திருத்துவதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு சட்டத் திருத்தமும், கடற்கரையில் கண்டதைச் சொன்னவரை நன்றியோடு நடத்தும் ஒரு மாவட்ட அலுவலகமும் போதும். இந்தத் துறைக்கு வரும் மாணவர்கள் நீந்தவும் முக்குளிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் அந்த மீனவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று வேண்டுகிறேன்.